ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஃபுட்பால் ஹெல்மெட்: எதைப் பார்த்து வாங்குவது?

முல்லைக்கொடி

அனைவருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஆகஸ்டில் ஏழாம் வகுப்புக்குப் போகிறான். டெக்சஸில் பள்ளி ஃபுட்பால் அணி (நம் ஊர்க் கால்பந்து அல்ல, ஆளை ஆள் மோதிச் சாய்க்கும் அமெரிக்க ஃபுட்பால்) ஏழாம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் நண்பர்களில் பாதிப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதமாக வீட்டில் வேறு பேச்சில்லை. கணவருக்குச் சம்மதம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் டிவியில் பத்து நிமிடம் ஆட்டத்தைப் பார்த்தார். "கிடா முட்டுக்கா பேரனை அனுப்பப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை.

பள்ளியே ஹெல்மெட் கொடுக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே பலர் போட்டு ஆடியது. நாங்களே நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்தால் தலைக்கு ஆபத்து இருக்காது அல்லவா? விலையைப் பற்றிக் கவலை இல்லை. எதை வாங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

கொங்குநாடன்

சகோதரி, இதற்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2011 முதல் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு கொடுத்து வருகிறார்கள். பெரியவர்களின் ஹெல்மெட்டுக்கும் சிறுவர்களுடையதற்கும் ஒரே அளவுகோல் போதாது என்று 2019இல் சிறுவர்களுக்கென்று தனிப் பட்டியலும் கொண்டு வந்தார்கள். சிறுவனின் கழுத்து மெலிது, உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது. அதற்கேற்பச் சோதனையையும் மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஐந்து நட்சத்திரம் பெற்றதில் ஒன்றை வாங்குங்கள். என் மகனுக்கு அப்படித்தான் வாங்கினேன். இரண்டு ஆண்டு ஆடினான், ஒன்றும் ஆகவில்லை.

வாங்குவதற்கு முன் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில பள்ளிகள் வெளியே வாங்கிய ஹெல்மெட்டை ஏற்பதில்லை.

வெண்ணிலவு

நான் ஹூஸ்டனில் குழந்தைகள் அவசரப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, பள்ளி ஆட்டங்கள் நடக்கும் வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் பிரிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முல்லைக்கொடி கேட்ட கேள்வியிலேயே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: நல்ல ஹெல்மெட் போட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்பது. அது சரியல்ல. ஃபுட்பால் ஹெல்மெட் மண்டையோட்டைக் காப்பதற்காகப் பிறந்த பொருள். 1968ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தில் நேரடியாக அடிபட்டு 36 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நாக்சி என்ற தர நிர்ணய அமைப்பு உருவானது. 1973இல் ஹெல்மெட்டுக்கு முதல் தரவிதி வந்தது. 1976இல் தலையை முன்னே நீட்டி மோதுவதை விதியிலேயே தடை செய்தார்கள். 1990இல் நேரடி மரணம் ஒன்றுகூட இல்லை. பெரிய வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் அந்த வெற்றியில் ஹெல்மெட்டோடு விதிக்கும் பங்கு உண்டு. அது மண்டை உடைவதையும் மூளைக்குள் ரத்தம் கசிவதையும் குறைத்த வெற்றி. கன்கஷன் எனும் மூளை அதிர்வு வேறு விஷயம்.

ஒரு தூக்குவாளியில் உறைந்த தயிரை வைத்து மூடி, சட்டென்று ஒரு பக்கமாகத் திருகி நிறுத்திப் பாருங்கள். வாளியில் கீறல்கூட விழாது. திறந்தால் தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருக்கும். மண்டைக்குள் நீரில் மிதக்கும் மூளைக்கும் அப்படித்தான். தலை சுழன்று நிற்கும் வேகம்தான் அதை அதிகம் பாதிக்கிறது. தாடையில் பக்கவாட்டில் விழும் ஓர் இடி போதும். சில நேரம் தலையில் அடியே படாது, மார்பில் இடிபட்டு உடம்பு குலுங்கினாலும் வரும்.

விஸ்கான்சினில் உயர்நிலைப் பள்ளி வீரர்கள் 2,000 பேருக்கு மேல் இரண்டு பருவங்கள் பின்தொடர்ந்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எந்த நிறுவனத்தின் ஹெல்மெட், எத்தனை ஆண்டு பழையது என்பதையெல்லாம் வைத்துப் பார்த்தும் கன்கஷன் விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டைப் படியுங்கள். தலையிலும் கழுத்திலும் ஏற்படும் கடுமையான காயத்தை எந்த ஹெல்மெட்டாலும் முழுமையாகத் தடுக்க முடியாது என்று செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கொங்குநாடன்

அம்மா, நீங்கள் தொழிலில் இருப்பவர், மதிக்கிறேன். ஆனால் "எதை வாங்கினாலும் ஒன்றுதான்" என்று பெற்றோர் எடுத்துக்கொண்டால் அது ஆபத்தில்லையா? வர்ஜீனியா டெக் சோதனையில் தலை சுழலும் வேகத்தையும் சேர்த்துத்தானே அளக்கிறார்கள்?

வெண்ணிலவு

அளக்கிறார்கள். சரியான கேள்வி. நாம் இருவருமே ஒன்றை விட்டுவிடக் கூடாது. நல்ல மதிப்பீடு உள்ளதை வாங்குவதில் தவறே இல்லை, ஆய்வகத்தில் அது அதிர்வைக் குறைக்கத்தான் செய்கிறது. அதை வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு.

இன்னொன்றும் சொல்கிறேன். தலைக்குப் பொருந்தாத ஐந்து நட்சத்திர ஹெல்மெட்டைவிட, சரியாகப் பொருந்திய பள்ளி ஹெல்மெட் மேல். தலைமுடியை நனைத்துக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும், வியர்த்து நனைந்த தலையோடுதானே ஆடுவான். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் சுமார் ஓர் அங்குலம் இருக்க வேண்டும், அதாவது அவன் விரல் இரண்டு. முகக்கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் நெற்றித்தோலும் கூடவே நகர வேண்டும். தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் அது தளர்வு. கன்னத்துப் பஞ்சுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடைவெளி கூடாது. தாடைப் பட்டையின் நான்கு கொக்கியும் மாட்டியிருக்க வேண்டும். வாயை அகலத் திறந்தால் ஹெல்மெட் உச்சியை லேசாக அழுத்துவது தெரிய வேண்டும். காற்றடைக்கும் பை உள்ள வகையானால் வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும், காற்று இறங்கிவிடும். முடி வெட்டினால் மறுபடியும் பார்க்க வேண்டும். இதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

பள்ளி ஹெல்மெட் என்றால் உள்ளே இருக்கும் சீட்டில் தயாரித்த ஆண்டும் கடைசியாகப் புதுப்பித்துச் சான்று கொடுத்த ஆண்டும் இருக்கும். பத்து ஆண்டு தாண்டியதைப் புதுப்பிக்கும் நிறுவனங்களின் சங்கத்தினர் தொடவே மாட்டார்கள். அப்படி ஒன்று உங்கள் பையன் கைக்கு வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வைகைக்கரை

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருந்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

என் மூத்த மகன் ஒன்பதாம் வகுப்பில் ஆடினான். அன்று வெளியூர் ஆட்டம். மூன்றாம் கால் பகுதியில் ஒருவனைப் பிடிக்கப் போய் இருவரும் விழுந்தார்கள். பெரிய மோதல் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அரங்கத்தில் யாரும் கத்தவில்லை. அவன் ஒரு முழங்காலை ஊன்றி, கையை ஊன்றி, மெல்ல எழுந்தான். பக்கக்கோட்டுக்கு வந்தான். பயிற்சியாளர் ஏதோ கேட்டார், இவன் தலையாட்டினான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். நானும் பதிலுக்குக் கட்டை விரலை உயர்த்தினேன். அதே ஆட்டத்தில் இரண்டு சுற்று தள்ளி மறுபடியும் உள்ளே போனான்.

காரில் வரும்போது, "அப்பா, ஜெயித்தோமா?" என்றான். சொன்னேன். பெட்ரோல் பங்க் தாண்டியதும் அதே கேள்வி. வீட்டுத் தெருவில் திரும்பும்போது மூன்றாவது முறை. அப்போதுதான் ஸ்டியரிங்கில் என் கை நடுங்கியது. வீட்டுக்குள் வந்ததும் சமையலறை விளக்கைப் பார்க்க முடியாமல் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். அவன் அம்மா தாளித்த வாசனைக்கே வாந்தி எடுத்தான்.

அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. நான் "கடவுளே" என்று உட்கார்ந்துவிட்டேன். மருத்துவர்தான் விளக்கினார்: ஸ்கேனில் தெரிவது ரத்தக் கசிவும் எலும்பு முறிவும், கன்கஷன் அதில் தெரியாது. ஐந்து வாரம் ஆயிற்று. மூன்றாவது வாரம்கூடக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் முடிப்பதற்குள் தலைவலி வந்துவிடும். நன்றாகப் படிக்கும் பையன், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுவான்.

அவனுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்தது விலை உயர்ந்த ஹெல்மெட். அதில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பிறகு ஒரு நாள் அவனே சொன்னான்: "எழுந்தபோதே எதிர் அணியின் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன அப்பா. சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை." அன்று அந்த மைதானத்தில் அத்லெட்டிக் டிரெய்னர், அதாவது வீரர்களின் காயத்தைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர், இல்லை. நான் இருந்தேன். நான் கட்டை விரலை உயர்த்தினேன்.

எண்ணூரான்

வைகைக்கரை ஐயா, படித்துவிட்டு மனம் கனத்துவிட்டது. உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள்.

என் கருத்து கடுமையாக இருக்கலாம். இந்த ஆட்டமே பிள்ளைகளுக்கு வேண்டாம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆன் மக்கீ குழுவினர் 2017இல் வெளியிட்டதைப் பாருங்கள். ஆராய்ந்த 111 தொழில்முறை வீரர்களின் மூளையில் 110இல் சிடிஇ எனும் மூளைச் சிதைவு. அவர்களாவது கோடிக்கணக்கில் சம்பாதித்த பெரியவர்கள். ஃபுட்பாலும் மற்ற மோதல் விளையாட்டுகளும் ஆடி முப்பது வயதுக்குள் இறந்த 152 இளம் வீரர்களின் மூளையைப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். 63 பேருக்கு இருந்தது. அதில் பள்ளி, கல்லூரியோடு நிறுத்தியவர்களும் உண்டு. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? பேரப்பிள்ளைகள் இருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

வெண்ணிலவு

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது, எண்களும் சரி. ஒன்றை மட்டும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவை குடும்பத்தினர் தானமாகக் கொடுத்த மூளைகள். வாழும்போதே மறதி, மனச்சோர்வு, கோபம் என்று தொல்லை கண்டவர்களின் குடும்பம்தான் பெரும்பாலும் தானம் கொடுக்கிறது. அதனால் ஆடும் பையன்களில் நூற்றுக்கு இத்தனை பேர் என்று அதிலிருந்து கணக்குப் போட முடியாது.

ஆனால் அதே குழுவினரின் ஆய்வுகள் சொல்லும் இன்னொன்று பெற்றோருக்கு மிகவும் வேண்டியது. எத்தனை முறை கன்கஷன் வந்தது என்பதைவிட, எத்தனை ஆண்டு ஆடினான், எத்தனை முறை தலை குலுங்கியது என்பதோடுதான் நோய் அதிகம் ஒட்டிப் போகிறது. அடையாளமே காட்டாத சிறு இடிகளும் சேர்கின்றன. ஆகவே இடியின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் முதல் வேலை.

மாலைப்பயிற்சி

வணக்கம் அண்ணா, அக்கா. நான் இங்கேயே பிறந்தவன். தமிழ் எழுதுவது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்றது, பிழை இருந்தால் மன்னியுங்கள். டெக்சஸ் உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டு லைன்பேக்கராக, அதாவது எதிரணியை மறித்துச் சாய்க்கும் தடுப்பு வீரனாக, ஆடினேன். இப்போது ஒரு சிறுவர் அணிக்கு மாலையில் உதவிப் பயிற்சியாளராகப் போகிறேன்.

வெளியே இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான், பயிற்சியோ நான்கு நாள். பருவம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் தலையில் படும் இடிகளில் பெரும்பங்கு பயிற்சியில்தான் வந்து சேரும். நல்ல செய்தி என்னவென்றால், ஆட்டத்தில் நடப்பது நம் கையில் இல்லாவிட்டாலும் பயிற்சியில் நடப்பது முழுக்கப் பயிற்சியாளர் கையில் இருக்கிறது.

டார்ட்மத் கல்லூரியில் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் 2010இல் பயிற்சியின்போது வீரனை வீரன் டேக்கிள் செய்வதையே (பிடித்துச் சாய்ப்பதையே) நிறுத்தினார். பஞ்சுப் பொம்மையைத்தான் பிடித்துப் பழகினார்கள். அந்தக் கல்லூரிப் பொறியியல் மாணவர்கள் ஓடித் திரியும் ரோபோப் பொம்மை ஒன்றையும் செய்து கொடுத்தார்கள். அந்த அணி தோற்றுப்போகும் என்றே எல்லோரும் சொன்னார்கள். 2015இல் அவர்கள் ஆடும் ஐவி லீக் என்ற எட்டுப் பல்கலைக்கழகங்களின் போட்டியில் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 2016இல் ஐவி லீக் முழுவதும் பருவகாலப் பயிற்சியில் டேக்கிளை நிறுத்தியது. கிக்ஆஃபிலும், அதாவது பந்தை உதைத்ததும் இரு அணியும் முழு வேகத்தில் எதிரெதிரே ஓடி வரும் தொடக்கத்திலும், இப்படி மாற்றம் வந்தது. ஐவி லீக்கில் 2015இல் ஆடிய மொத்தச் சுற்றுகளில் கிக்ஆஃப் 6 விழுக்காடுதான், ஆனால் கன்கஷனில் 21 விழுக்காடு அதில் வந்தது. பாப் வார்னர் சிறுவர் லீக் 2016இல் மிகச் சிறிய பிரிவுகளில் கிக்ஆஃபையே எடுத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2021 முதல் சிறுவர் அணிகளுக்கு வாரம் இரண்டு நாள், நாளுக்கு 30 நிமிடம் என்று முழு மோதல் பயிற்சிக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. நம் டெக்சஸில் பள்ளி விளையாட்டு அமைப்பு 2013இல் பருவகாலத்தில் ஒரு வீரனுக்கு வாரம் 90 நிமிடம் என்று வைத்தது.

அதனால் அக்கா, பயிற்சியாளரிடம் ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். வாரத்தில் எத்தனை நிமிடம் முழு மோதல், அதை யார் கணக்கு வைக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு பையன்களைத் தூரத்தில் எதிரெதிரே நிறுத்தி ஓடி வந்து மோத விடும் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். பதிலைவிட, கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். எரிச்சல்படுபவரிடம் நான் என் தம்பியை விட மாட்டேன்.

வைகைக்கரை அண்ணா சொன்னதற்கும் வருகிறேன். நாங்கள் ஏன் மறைக்கிறோம் என்றால், நம் இடத்தில் அடுத்தவன் நின்றுவிடுவான். அவன் நன்றாக ஆடிவிட்டால் இடம் போயிற்று. நான் இரண்டு முறை மறைத்திருக்கிறேன். "நன்றாக இருக்கிறாயா?" என்று கேட்டால் எந்தப் பையனும் "ஆமாம்" என்றுதான் சொல்வான். அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முல்லைக்கொடி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வெண்ணிலவு அக்கா, பயிற்சியாளர் "ஆடலாம்" என்று சொல்லிவிட்டால் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் என்ன செய்ய முடியும்? உள்ளே ஓடிப் போகவா முடியும்?

வெண்ணிலவு

முடியும் தங்கை. சட்டம் அந்த உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

2006 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற பதின்மூன்று வயதுப் பையன் ஆட்டத்தில் தலை தரையில் மோத விழுந்தான். சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு அதே ஆட்டத்தில் மறுபடியும் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சரிந்தான். மூளை வீங்கி, மண்டையோட்டின் இரு பக்கமும் திறந்து அறுவை செய்தார்கள். உயிர் பிழைத்தான், ஆனால் பேச்சையும் நடையையும் ஆண்டுக்கணக்கில் மறுபடி கற்க வேண்டியிருந்தது. அந்தக் குடும்பம் ஓயவில்லை. 2009இல் அவன் பெயராலேயே சட்டம் வந்தது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இப்படிப்பட்ட சட்டம் வந்துவிட்டது.

டெக்சஸில் 2011இல் வந்ததற்கு நடாஷா சட்டம் என்று பெயர், சாக்கர் எனும் கால்பந்து ஆடிய பெண்ணின் பெயரால். அதன்படி கன்கஷனாக இருக்கலாம் என்று பயிற்சியாளரோ, மருத்துவரோ, மருத்துவப் பணியாளரோ, பெற்றோரோ நினைத்தால் போதும், பையனை உடனே வெளியே எடுக்க வேண்டும். பெற்றோர் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. வெளியே எடுத்த பையன் அன்று மறுபடியும் ஆடக் கூடாது. திரும்பி வர மருத்துவர் எழுத்தில் கொடுக்க வேண்டும், நீங்களும் கையெழுத்திட வேண்டும். பயிற்சியாளர் தானாக அனுமதி கொடுக்கவே முடியாது.

திரும்பி வருவதும் படிப்படியாகத்தான். முதலில் பள்ளிப் பாடம் தலைவலி இல்லாமல் நடக்க வேண்டும். பிறகு மெல்லிய ஓட்டம், அடுத்து இன்னும் கொஞ்சம் வேகம், பிறகு மோதல் இல்லாத முழுப் பயிற்சி, பிறகு மோதலோடு பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், 911 அழையுங்கள். மயங்கி விழவில்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள், கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. மருத்துவர் பார்த்துவிட்டு அனுப்பிய பிறகு பையன் தூங்கலாம், மணிக்கொரு தரம் எழுப்ப வேண்டும் என்பது பழைய பேச்சு. முதல் இரண்டு நாள் போனும் திரையும் குறைவாக இருக்கட்டும். ஆனால் வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பதும் நல்லதல்ல, லேசாக நடமாட விட வேண்டும்.

எண்ணூரான்

இந்தச் சட்ட விவரம் எனக்குத் தெரியாது அம்மா. நன்றி. இருந்தாலும் ஒரு வழி சொல்கிறேன். ஃபிளாக் ஃபுட்பாலில் பந்து வைத்திருப்பவனின் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் போதும், யாரும் யாரையும் சாய்ப்பதில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். பையனுக்கு வேண்டியது பந்தும் ஓட்டமும் நண்பர்களும் என்றால் அதில் மூன்றும் இருக்கிறது.

முல்லைக்கொடி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

ஃபிளாக் பற்றி அவனிடம் பேசினோம். நண்பர்கள் யாரும் அங்கே இல்லை என்றான். இரண்டு இரவு நானும் கணவரும் பேசினோம். எட்டாம் வகுப்பில் மறுபடியும் முடிவெடுப்போம், இந்த ஓர் ஆண்டு ஆடட்டும் என்று அனுப்பியிருக்கிறோம். எண்ணூரான் ஐயாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும் முழு நிம்மதி இல்லை.

மாலைப்பயிற்சி தம்பி சொன்ன கேள்விகளைப் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் எரிச்சல்படவில்லை. ஒரு நோட்டைத் திறந்து ஒவ்வொரு பையன் பெயருக்கும் எதிரே நிமிடக்கணக்கைக் காட்டினார். வெளியூர் ஆட்டத்துக்கும் டிரெய்னர் வருவாரா என்று கேட்டேன். எல்லா ஆட்டத்துக்கும் இல்லை என்று மறைக்காமல் சொன்னார். அந்த ஆட்டங்களுக்கு நானோ கணவரோ கட்டாயம் போகிறோம், கீழ் வரிசையில் உட்காருகிறோம்.

புது ஹெல்மெட் வாங்கவில்லை. பள்ளி கொடுத்ததில் சீட்டைப் பார்த்தேன், நான்கு ஆண்டு பழையது, இந்தக் கோடையில் புதுப்பித்தது. குழாயடியில் தலையை நனைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தோம். பக்கவாட்டில் அசைத்தால் நெற்றி நகரவில்லை. கன்னத்துப் பஞ்சை ஓர் அளவு பெரிதாக மாற்றித் தரச் சொன்னோம், அடுத்த நாளே மாற்றினார்கள்.

அவனும் நானும் கையெழுத்திட வேண்டிய கன்கஷன் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வரிவரியாகப் படித்தோம். பிறகு வைகைக்கரை அண்ணன் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தது என்ற இடத்தில் அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அண்ணா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

வைகைக்கரை

நன்றாக இருக்கிறான் என்று சொல்லுங்கள் அம்மா. இரண்டாம் ஆண்டு கல்லூரி. மறுபடியும் ஃபுட்பால் ஆடவில்லை, அது அவனே எடுத்த முடிவு. ஓட்டப்பந்தயத்தில் சேர்ந்தான். உங்கள் பையன் கேட்டான் என்று இன்று இரவு அவனிடம் சொல்கிறேன். பேச வேண்டும் என்று உங்கள் பையன் விரும்பினால், பேசச் சொல்கிறேன்.